மேலே என்று சொல்ல ஓர் ஆள்

ஏப்ரல் 4

மெக்கானிக் அவர்களுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. போகும்போது வீட்டில் இருந்த கருவிப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனவருக்கு என்ன குறை இருக்கப்போகிறது? அந்தக் கல் குவாரியில் போன் எடுக்காது, வாரத்துக்கு ஒரு தபால் லாரிதான் என்று உங்கள் அம்மா சொன்னார். நல்லதாகப் போயிற்று. போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அதைவிடக் கத்துவேன், விஷயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

விஷயம் இரண்டு. முதலாவது வேன். டிசம்பரில் பதினொரு பிள்ளைகளோடு ஏற்றத்தில் நின்றுபோனது இன்னும் ஷெட்டில் தார்ப்பாய்க்குள்தான் கிடக்கிறது. வெளியாளிடம் விட வசதி இல்லை. இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். நானே பிரிக்கப் போகிறேன். சிரிக்க வேண்டாம். ஆறு வருஷம் உங்களுக்கு எதிரில் நின்று வேலை பார்த்தவள், நாலு எஞ்சினில் பாதி வேலை என் கை. பிஸ்டனுக்கு ரிங் போடுகிற சாமான்களை மட்டும் அனுப்புங்கள். ரிங்கை விரிக்கிற இடுக்கி, அமுக்குகிற பட்டை, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ். மீதிப் பெட்டியை நீங்களே மடியில் வைத்துக் கொஞ்சிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு கையெழுத்து. பள்ளித் தலைமையாசிரியையின் அறையில், நான் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே, "டிரைவர் ஆயில் பாக்காம ஓட்டிருக்காங்க மேடம்" என்றீர்களே, அந்த ஒரு வாக்கியத்தில் என் பன்னிரண்டு வருஷ ஓட்டம் போயிற்று. ஜூன் பத்தாம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் வேன் புகைச் சோதனையில் தேற வேண்டும். வண்டி நின்றதற்கு ஓட்டுநர் காரணமில்லை என்று வேலை பார்த்த மெக்கானிக் கைப்பட எழுதித் தர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் என் பழைய தடத்தைத் திரும்பத் தருவாராம். நீங்கள் ரிங் போட்ட லட்சணத்தில்தான் எஞ்சின் ஆயிலைக் குடித்துத் தீர்த்தது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. உங்கள் பக்கமும் பேசுவதில்லை, என் பக்கமும் பேசுவதில்லை. தொலைக்காட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஓட்டுநர்

—

ஏப்ரல் 13

ஓட்டுநர் அம்மாவுக்கு,

பெட்டி வராது. அது என் பிழைப்பு. இங்கே இரண்டு ஜெனரேட்டரும் ஒரு கல் உடைக்கிற இயந்திரமும் முறை வைத்துக்கொண்டு படுக்கின்றன. ஒன்றை எழுப்பினால் அடுத்தது படுத்துக்கொள்ளும். தகரக் கொட்டகையில் ஆறு பேர். காதிலும் மூக்கிலும் கல் தூள். உன் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, பெட்டி ஏன் வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

கையெழுத்தும் வராது. என் கை போட்ட ரிங்கில் பிழை இருக்காது. எஞ்சினில் ஆயில் இல்லை, வண்டி நின்றது. நான் சொன்னது அவ்வளவுதான். மூடிக் கிடக்கிற எஞ்சினை வைத்துக்கொண்டு நீயும் நானும் எவ்வளவு வேண்டுமானாலும் வாயால் அளக்கலாம். திற. என் பிழை என்று எஞ்சின் சொன்னால் எழுதித் தருகிறேன். உன் பிழை என்று சொன்னால் அத்தோடு வாயை மூடிக்கொள்.

வேலையை நீயே செய்யப் போகிறாய் என்றால் செய். ஆனால் கடைக்குப் போனால் கண்ணாடி அலமாரியில் இருப்பதையெல்லாம் உன் தலையில் கட்டிவிடுவார்கள். அதற்காக மட்டும் எழுதுகிறேன், நன்றி சொல்லித் தாளை வீணாக்காதே.

விரிக்கிற இடுக்கியில் இருப்பதிலேயே மலிவானது போதும். ஆனால் வாய் இவ்வளவுக்கு மேல் திறக்காமல் நிறுத்துகிற திருகு ஒன்று அதில் இருக்க வேண்டும். வார்ப்பு ரிங் பிஸ்கட் மாதிரி ஒடியும். கையால் விரித்து வீரம் காட்டாதே, ஒடியாவிட்டாலும் முறுக்கிக்கொள்ளும். அமுக்குகிற பட்டையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, ஒரே அளவுக்குக் கடைந்த குழாய். வழுவழுவென்று இருக்கும், பார்த்தவுடன் ஆசை வரும், விலை எட்டாது, இந்த ஒரு எஞ்சினைத் தவிர எதற்கும் உதவாது. இன்னொன்று, சாவி போட்டு இறுக்குகிற தகட்டுப் பட்டை. எந்த அளவுக்கும் சுருங்கும், அதை வாங்கு. ரிங்கின் வாயைத் தேய்த்து இடைவெளி சரிபார்க்கக் கைப்பிடி சுற்றுகிற குட்டி இயந்திரம் ஒன்று வைத்திருப்பார்கள். வேண்டாம். சன்னமான அரத்தை வைஸில் பிடித்துக்கொண்டு ரிங்கை அதன்மேல் தேய்த்தால் அதே வேலை. பிஸ்டன் காடியில் உள்ள கரியைச் சுரண்டுகிற சாமானும் வேண்டாம். பழைய ரிங் ஒன்றை ஒடித்து முனையைத் தீட்டிக்கொள், அதைவிட நல்ல சுரண்டி யாரும் செய்யவில்லை. ஃபீலர் கேஜில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே. அளவு பொய் சொன்னால் மற்றது அத்தனையும் வீண்.

அம்மாவைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உட்கார விடாதே. ஆபரேஷன் செய்த கண்.

மெக்கானிக்

—

ஏப்ரல் 20

மெக்கானிக் அவர்களுக்கு,

நன்றி சொல்லும் உத்தேசம் எனக்கும் இருக்கவில்லை.

கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "வீட்டுக்காரரையே வரச் சொல்லுங்களேன்க்கா, அவரு பாத்து வாங்கட்டும்" என்றார். "அவருக்கு எஞ்சினைப் பத்தி அவ்வளவா தெரியாதுங்க" என்றேன். அதன்பிறகு மரியாதையாகப் பேசினார். நீங்கள் சொன்ன அந்த வழுவழுக் குழாயைத்தான் முதலில் எடுத்து வைத்தார். ஆசையும் வந்தது, மறைப்பானேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

திருகு வைத்த இடுக்கி கிடைத்தது. தகட்டுப் பட்டை கிடைத்தது, ஆனால் அதன் அடி விளிம்பு பல் முளைத்த மாதிரி இருக்கிறது. தடவிப் பார்த்ததில் விரல் கிழிந்தது. இது ரிங்கைக் கீறாதா? ஆயில் டின்னை வெட்டி, இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு நானே ஒரு பட்டை செய்துகொள்ளட்டுமா? கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கொட்டகையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்ற விவரம் வேண்டாம்.

ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் எஞ்சினைப் பூட்டிய நாளிலிருந்து நீலப் புகை. கேட்டதற்கு, "புது ரிங், பழகணும்" என்றீர்கள். திங்கட்கிழமைதோறும் நான் ஆயில் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கோடு வரை ஆயில். பிறகு உங்கள் அண்ணன் கடைக்கு ஒத்தாசையாகப் போனீர்கள். பன்னிரண்டாம் நாள் ஏற்றத்தில் வண்டி நின்றது. இரண்டு மாதம் குறையாத ஆயில் அந்தப் பன்னிரண்டு நாளில் எங்கே போயிற்று? உங்களைத் தேடிக்கொண்டு உங்கள் அண்ணன் வீட்டுக்கா?

எஞ்சினை இறக்கிவிட்டேன். சங்கிலிக் கப்பி வாடகைக்கு எடுத்தேன். இடுப்பு போயிற்று, வாய் இருக்கிறது.

ஓட்டுநர்

—

ஏப்ரல் 29

ஓட்டுநர் அம்மாவுக்கு,

கடைக்காரரிடம் என் மானத்தை வாங்கியது தெரிந்தது. இருக்கட்டும்.

டின் வெட்டுகிற வேலையெல்லாம் வழியில்லாதவன் செய்வது. உன்னிடம் பட்டை இருக்கிறது. மலிவான பட்டை எல்லாமே பல்லோடுதான் வரும். கண்ணாடித் துண்டு ஒன்றை மேஜையில் வைத்து, அதன்மேல் உப்புத்தாள் விரித்து, பட்டையை நிறுத்தி வட்டமாகத் தேய். விரல் வழுக்கும்வரை தேய். பிறகு நிறைய ஆயில் பூசு. பிஸ்டனை உள்ளே விடும்போது பட்டையின் விளிம்பு பிளாக்கின்மேல் ஒட்டி உட்கார வேண்டும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டு, இரும்பால் இல்லை. இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றால் நீயும் நிறுத்து. ரிங் பிதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே இன்னொரு அடி போட்டால் ரிங் ஒடியும். உன் கோபத்தை அங்கே காட்டாதே.

ரிங்கின் ஒரு முகத்தில் கடுகளவு அடையாளம் இருக்கும், அந்த முகம் மேலே பார்க்க வேண்டும். இது உனக்குத் தெரியும். ஆறு வருஷமாக நம் இருவரில் ஒருவர் போட்டு "மேலே?" என்று கேட்போம், மற்றவர் குனிந்து பார்த்து "மேலே" என்போம். போடுகிறவர் கண்ணை நம்பக் கூடாது, அது பார்க்க நினைத்ததைத்தான் பார்க்கும். அதனால் எதிரில் யாரையாவது நிறுத்திக்கொள். எஞ்சின் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கண்ணும் வாயும் இருந்தால் போதும்.

அக்டோபரில் அந்த ஒன்பது நாளும் நாம் பேசிக்கொள்ளவில்லை. நீதான் பேசவில்லை. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், தாள் அசிங்கமாகும்.

புகையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். திறந்துவிட்டு எழுது.

மெக்கானிக்

—

மே 8

மெக்கானிக் அவர்களுக்கு,

திறந்துவிட்டேன்.

ஒன்று சரி. இரண்டு சரி. நாலு சரி. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளி வெளியே எடுத்ததும் தெரிந்துவிட்டது, தலை முழுக்கத் தார் மாதிரி கரி. பக்கவாட்டில் கோடு கோடாகக் கீறல். இடுக்கி போட்டு இரண்டாவது ரிங்கைக் கழற்றினேன். அடையாளம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

தலைகீழ். உங்களுக்குப் பாடம் எடுக்கிற யோகம் எனக்கு வாய்த்திருக்கிறது, விடுவேனா? அந்த ரிங்கின் விளிம்பு சாய்வாக இருக்கும். சரியாகப் போட்டால் ஆயிலைக் கீழே வழித்து இறக்கும். தலைகீழாகப் போட்டால் மேலே வழித்து நெருப்புக்கு ஊட்டும். இரண்டு மாதம் என் வேன் அந்த மூன்றாவது சிலிண்டர் வழியாகத்தான் ஆயிலைக் குடித்திருக்கிறது. ஏற்றத்தில் நின்றதற்குக் காரணம் ஓட்டுநர் இல்லை. ரிங்.

அந்த ஒன்பது நாளை நீங்களே இழுத்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேனைக் கடைக்கு எடுத்துக்கொள் என்று உங்கள் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். அதற்காகத்தான் பேசவில்லை. இன்றைக்குச் செய்தாலும் பேச மாட்டேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள், ஆளுக்குக் கையில் கிடைத்த பிஸ்டனை எடுத்து ரிங் போட்டோம். "மேலே?" என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எது யார் போட்டது என்று எனக்கு நினைவில்லை. ஆனால் வாயை உம்மென்று வைத்துக்கொண்டு வேலையை எரிச்சலோடு செய்தது யார் என்று நினைவிருக்கிறது.

எஞ்சின் சொல்லட்டும் என்றீர்கள். சொல்லிவிட்டது. கையெழுத்தை அனுப்புங்கள். பள்ளி திறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது.

ஓட்டுநர்

—

மே 16

ஓட்டுநர் அம்மாவுக்கு,

ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனை. மூன்றாவது பிஸ்டன் மாட்டியிருந்த ராடின் பக்கவாட்டைத் துடை. கரி போக நன்றாகத் துடை.

ரிங் போட்டவர் ராடில் பன்ச்சால் குத்தி வைப்பது நம் வழக்கம். பின்னால் சண்டை வரக் கூடாது என்பதற்காக நீ கொண்டுவந்த வழக்கம்தான். எனக்கு ஒரு குத்து, உனக்கு இரண்டு. அவ்வளவு விவரமாகக் கரியையும் கீறலையும் எழுதியவள், குத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லையே. பார்க்காமல் எழுதினாயா, பார்த்துவிட்டு எழுதினாயா?

துடை. இரண்டு குத்து இருக்கும்.

என் கை போட்ட ரிங்கில் பிழை இருக்காது என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். இப்போது நீதான் எனக்கு எழுதித் தர வேண்டும். பெரிய எழுத்தில் எழுது, கொட்டகையில் ஒட்டி வைக்கிறேன்.

மெக்கானிக்

—

மே 22

மெக்கானிக் அவர்களுக்கு,

இரண்டு குத்து.

துடைக்காமல்தான் எழுதினேன். மறந்துபோய் இல்லை. துணி கையில்தான் இருந்தது. துடைத்தால் என்ன தெரியுமோ என்று பயமாக இருந்தது, அதனால் முதலில் உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிடலாம் என்று போட்டேன். தபாலில் போட்ட பிறகும் துடைக்கவில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் துடைத்தேன். துடைத்துவிட்டு ஷெட்டின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இல்லாத அந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டாவது திங்கட்கிழமை நான் கம்பியை இழுத்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதமாகக் கோட்டிலேயே நின்ற ஆயில், இன்றைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன். அதுவும் என் பிழை.

நேற்றுத் தலைமையாசிரியையிடம் போய் இரண்டையும் சொல்லிவிட்டேன். தலைகீழாக ரிங் போட்டது நான், ஒரு வாரம் ஆயில் பார்க்காததும் நான். "அப்ப அவரு சொன்னது சரிதானேம்மா" என்றார். சரிதான் என்றேன். தடத்தை வேறு வேனுக்குக் கொடுப்பதாக இருக்கிறார், பத்தாம் தேதிவரை பொறுத்துப் பார்க்கிறாராம். எதைப் பார்க்கப் போகிறார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அவன் எங்கடி நின்னுட்டிருந்தான்?" என்று கேட்டார். எதிரில்தான் என்றேன். மறுபடி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. அக்டோபரில் மூடிய எஞ்சின் இந்த மாதம்தான் திறந்தது. நடுவில் யாரும் திறக்கவில்லை. எந்தப் பிஸ்டனை யார் போட்டோம் என்று போட்ட எனக்கே நினைவில்லை. நீங்கள் எங்கேயோ கல் தூளில் உட்கார்ந்துகொண்டு, மூன்றாவதில் இரண்டு குத்து இருக்கும் என்று எழுதுகிறீர்கள். இருக்கலாம் என்று எழுதவில்லை. இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஓட்டுநர்

—

மே 31

வாயாடி,

உன் கடிதம் வந்தபோது தபால் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. எழுத முடியாமல் அதை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். இது அடுத்த லாரி.

பார்த்தேன்.

நீ ரிங்கை இடுக்கியில் பிடித்துத் தூக்கினாய். எனக்கு அதன் அடிப்பக்கம் தெரிந்தது. அடையாளம் அங்கே இருந்தது. நீ "மேலே?" என்று கேட்பாய், "கீழே" என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. ஐந்து நாளாகப் பேசாதவள் இதற்காவது வாயைத் திறக்கட்டும் என்று இருந்தேன். இரண்டு குத்தும் குத்தினாய். பட்டையை மாட்டினாய். மரப்பிடியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினாய். என் பல்லுக்கு நடுவில் ஒரு போல்ட் இருந்தது. அதனால்தான் பேசவில்லை என்று அப்புறம் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் நீயாக வந்து "சாப்பிட வாங்க" என்றாய். அதற்குள் எஞ்சின் வண்டியில் ஏறிவிட்டது. அதைத் திரும்ப இறக்கினால் ஏன் என்று கேட்பாய். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? புகை வந்தது. பழகணும் என்றேன். தினமும் காலையில் நீ எழுவதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போய்க் கோடு வரை ஆயிலை ஊற்றினேன். கம்பியில் ஆயில் குறையாமல் இருந்தது அதனால்தான். நீ ஒரு வாரம் பார்க்காமல் விட்டது உன் பிழை என்று எழுதியிருக்கிறாய். பார்க்க வேண்டியதில்லை என்று உன்னை நினைக்க வைத்தது நான்.

அண்ணன் கடைக்குப் போன அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறும்வரை நினைத்தேன். நீ கையைக் காட்டினாய். நானும் காட்டிவிட்டு ஏறிவிட்டேன்.

தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அக்டோபரிலிருந்து திறக்காத வாய் அங்கே பட்டென்று திறந்துகொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்ததும் கோபத்தால் இல்லை. நீ என்றைக்காவது எஞ்சினைத் திறப்பாய், அப்போது எதிரில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

இத்தோடு தனித்தாளில் அவருக்கு எழுதியிருக்கிறேன். பார்த்ததும், ஊற்றியதும், சொல்லாததும் எல்லாம் அதில் இருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது. நீ கேட்ட மாதிரி.

பெட்டியை நானே கொண்டுவரட்டுமா? வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. பதினைந்து நாள் பார்ப்பேன். நீ எழுதாமல் இருந்தால், வரலாம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த லாரியில் ஏறிவிடுவேன்.

நான்தான்

—

ஜூன் 9

மெக்கானிக் அவர்களுக்கு,

எழுதாமல் இருந்தால் வந்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். ஒருவர் பேசாமல் இருப்பதை வைத்து அர்த்தம் எடுத்துக்கொள்வதில் நம் இருவருடைய லட்சணமும் தெரிந்ததுதான். மறுபடியும் அந்த வழியில் வர வேண்டாம். அந்தச் செல்லப் பெயரிலும் எழுத வேண்டாம்.

உங்கள் தாளைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க வந்து உங்க தப்புன்னீங்க, அவரு எழுதி அவரு தப்புங்கறாரு. பிள்ளைங்ககிட்ட இப்படி ஒரு நாளாவது நடந்தா எனக்குத் தலைவலி பாதி கொறையும்மா" என்றார். தடம் எனக்குத்தான். தினமும் ஆயில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி அவரிடம் காட்ட வேண்டும், அதுதான் நிபந்தனை. வேன் நேற்றுப் புகைச் சோதனையில் தேறிவிட்டது. மூன்றாவதுக்கு உள் குழாயான லைனரும் பிஸ்டனும் புதிது, மற்ற மூன்றுக்கும் ரிங் மட்டும். உங்கள் மலிவுப் பட்டை நன்றாகவே வேலை செய்தது. கண்ணாடியில் தேய்க்கச் சொன்னது சரியான யோசனை. அந்த மட்டில் நன்றி.

மற்றபடி உங்களை மன்னிக்கிற மாதிரி ஒன்றும் என்னிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நான் போட்ட பிழைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அழுகிறேன். ஆனால் அன்றைக்கு ஏற்றத்தில் பிரேக்கை மிதித்தபடியே, பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி இறக்கிவிட்டேன். கடைசிப் பிள்ளை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நீங்கள் உங்கள் அண்ணன் கடையில் உட்கார்ந்து, இன்றைக்கு ஆயில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். ஒரே ஒரு சொல். "கீழே." அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டி வேண்டாம். வேண்டிய சாமான் எல்லாம் என்னிடம் இருக்கிறது. எதிரில் யாரையாவது நிறுத்திக்கொள் என்று எழுதியிருந்தீர்கள், நிறுத்திக்கொண்டேன். உங்கள் கடைசிக் கடிதம் வருவதற்கு முன்பே. உங்கள் அம்மாவைத்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். புதுக் கண், புதுக் கண்ணாடி. கடுகளவு அடையாளத்தைக் காட்டி, இது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நாலு பிஸ்டன், அடையாளம் வைத்த ரிங் எட்டு. ஒவ்வொன்றுக்கும் "மேலே?" என்று கேட்டேன். குனிந்து பார்த்து "மேல" என்றார். ஐந்து முறை "மேல." ஆறாவது ரிங்கைப் போட்டுவிட்டு, கேட்காமலே அடுத்ததற்கு இடுக்கியை எடுக்கப் போனேன், கை பழகிவிட்டது, பத்திரமாகத்தான் போட்டிருக்கிறேன் என்ற நினைப்பு.

"கீழ" என்றார்.

குனிந்து பார்த்தேன். கீழே. அதே இரண்டாவது ரிங், அதே கை. கழற்றித் திருப்பிப் போட்டேன். எட்டும் முடிந்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் சொல்லைக் கேட்டு அவர் நாற்காலியைத் தொலைக்காட்சியிலிருந்து தள்ளிப் போட்டிருந்தேன், அதற்காக எங்களுக்குள் பெரிய சண்டை. அன்றைக்கு, அந்த ரிங் வேலைக்காகத் தவிர, நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது.

ஓட்டுநர்